கேரவனில் ஐந்து மாதம்: எங்கள் செலவு நோட்டிலிருந்து

கன்னியாகுமரி மாவட்டத்தில் வேளிமலை அடிவாரத்தில், தக்கலைக்கு அருகில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து 2023 அக்டோபரில் கேரவனில் புறப்பட்டபோது, நாளொன்றுக்கு 2,000 ரூபாய் வீதம் அறுபது நாளுக்கு 1,20,000 ரூபாய் என்று திட்டம் எழுதியிருந்தேன். ராஜஸ்தான் வரை போய்விட்டு டிசம்பரில் திரும்பியபோது நோட்டின் கடைசிப் பக்கத்தில் 1,78,400 ரூபாய் நின்றது. நான் அஞ்சல் துறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஊர் மக்களின் சேமிப்புக் கணக்குகளைக் கையாண்டு ஓய்வு பெற்றவள். ஓய்வூதியத்தில் வாழும் இருவருக்கு 58,400 ரூபாய் கூடுதல் செலவு என்பது எளிதில் மறந்துவிடக்கூடிய தொகை அன்று. அடுத்த ஓராண்டு நாங்கள் எங்கும் போகாமல் அந்த நோட்டையே திரும்பத் திரும்பப் படித்தோம். 2025-இல் பொங்கல் கழித்துப் புறப்பட்ட இரண்டாம் பயணம் 150 நாள் நீடித்தது. அந்த ஐந்து மாதமும், வீட்டுச் செலவையும் சேர்த்து, மாதத்துக்கு 51,000 ரூபாயை ஒட்டியே செலவு நின்றது. இந்த இரண்டு பயணங்களுக்கும் நடுவில் எங்கள் கணக்கில் என்ன மாறியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கேரவன் என்றதும் நம்மூரில் பலருக்குப் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் வண்டிதான் நினைவுக்கு வருகிறது. ஆஸ்திரேலியாவில் பணி ஓய்வு பெற்றவர்கள் காருக்குப் பின்னால் இழுவை வண்டியைக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நாட்டைச் சுற்றுகிறார்கள். அவர்களை அங்கே கிரே நோமட்ஸ் என்று அழைக்கிறார்கள். எங்கள் வண்டி அவ்வகையைச் சேர்ந்தது அன்று. பழைய டிராவலர் வேன் ஒன்றை 8,50,000 ரூபாய்க்கு வாங்கி, 4,60,000 ரூபாய் செலவில் படுக்கை, சமையல் மேடை, சிறு கழிப்பறை, சூரிய மின்தகடு ஆகியவற்றை அமைத்துக்கொண்டோம். உள்ளமைப்புக்கு நாங்கள் முதலில் ஒதுக்கியது 3,00,000 ரூபாய்தான். கூடுதலாகப் போன பணத்தில் பெரும்பகுதியை மின்கம்பி வேலையும் தண்ணீர்க் குழாய் வேலையும் விழுங்கின. வண்டி வாங்கும் எண்ணம் உள்ளவர்கள், முதலில் வாடகைக் கேரவன் ஒன்றில் பத்து நாளாவது இருவரும் தங்கிப் பார்க்க வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். எங்களுக்கு எவை தேவையில்லை என்பதை அந்தப் பத்து நாளே சொல்லியிருக்கும்.

முதல் பயணத்தில் கூடிய 58,400 ரூபாய் எங்கே போனது என்பதை நோட்டில் வகை பிரித்துப் பார்த்தேன். டீசலுக்கு 25,100, ஓட்டல் சாப்பாட்டுக்கு 16,000, ஐந்து இரவு விடுதி அறைக்கு 7,500, திரும்பும் வழியில் அமர்த்திக்கொண்ட ஓட்டுநருக்கு 9,800. முதற்பார்வைக்கு இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு செலவுகள். தேதிகளை அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் நான்குக்கும் வேர் ஒன்றே என்பது தெரிந்தது. ஒரே நாளில் 250 கிலோமீட்டர் ஓடிய நாள்களில் மாலையில் அடுப்பு மூட்ட எங்கள் இருவருக்குமே உடம்பில் தெம்பு இருந்ததில்லை, அதனால் ஓட்டல். அந்தச் சோர்வு இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் நல்ல கட்டிலும் வெந்நீரும் வேண்டியிருந்தது, அதனால் விடுதி. அப்படியே ஓடியதில் ஹூப்ளிக்கு அருகே என் கணவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு உட்காரவே முடியாமல் போயிற்று. அன்று எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஊர் வந்து சேர மூன்று நாளுக்கு ஓர் ஓட்டுநரை அமர்த்தி, அவருடைய கூலி, சாப்பாடு, அவர் திரும்பிப் போகும் ரயில் கட்டணம் எல்லாவற்றையும் கொடுத்தோம். ஆக, அதிகமாக ஓடியதால் எங்களுக்கு டீசல் செலவு மட்டும் கூடவில்லை. சாப்பாடும் படுக்கையும் ஓட்டுநர் கூலியும் அதோடு சேர்ந்தே கூடின. நாளுக்கு இவ்வளவு ரூபாய் என்று திட்டமிட்டிருந்த எனக்கு அது தென்படவில்லை. இப்போது மாதத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்றுதான் திட்டத்தைத் தொடங்குகிறேன்.

கிலோமீட்டரின் விலையைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில் என் கணவர் மிகவும் உறுதியாக இருந்தார். அவர் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தவர்; வண்டிக்காரர் வாயால் சொல்லும் மைலேஜை அவர் நம்புவதில்லை. முதல் பயணத்துக்கு முன் நான்தான், விற்றவர் சொன்னதைக் கேட்டு, லிட்டருக்கு 13 கிலோமீட்டர் என்றும் மொத்தம் 5,600 கிலோமீட்டர் என்றும் எழுதிவிட்டேன். உண்மையில் 7,000 கிலோமீட்டர் ஓடினோம், லிட்டருக்குக் கிடைத்தது 10 கிலோமீட்டர். காரணம் எடை. கட்டில், பலகை, பேட்டரி, 100 லிட்டர் தண்ணீர் எல்லாம் ஏறிய பிறகு வண்டி பழைய வண்டியாக இருப்பதில்லை. தண்ணீர் மட்டுமே 100 கிலோ. இரண்டாம் பயணத்துக்கு முன் புறப்படும் கோலத்திலேயே வண்டியை எடைமேடையில் ஏற்றிப் பார்த்தோம். பதிவுச் சான்றில் எழுதியிருக்கும் மொத்த எடைக்கு அது மிக அருகில் இருந்ததால், நாற்காலிகள், இரும்புப் பெட்டி, தேவையற்ற பாத்திரங்கள் என்று எழுபது கிலோவுக்கு மேல் இறக்கி வைத்தோம். டயரின் ஆயுளும் பிரேக்கின் ஆயுளும் அந்த எடையில்தான் இருக்கின்றன.

காற்றையும் ஒரு செலவாகக் கணக்கில் வைக்க வேண்டும் என்பதை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. உயரமான, தட்டையான முகம் கொண்ட வண்டி அந்தக் காற்றை எதிர்த்துக் காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில் பக்கம் வரும்போது டீசல் எவ்வளவு கூடுதலாகக் குடிக்கிறது என்பதைப் பார்க்க, ஆனி மாதத்தில் ஒருமுறையும் மார்கழியில் ஒருமுறையும் தொட்டியை நிரப்பி அளந்தோம். மார்கழியில் 10.5 கிடைத்த அதே பாதையில் ஆனியில் 8.5 கிடைத்தது. நீண்ட பயணத்துக்குச் சராசரியாக 10 என்று நாங்கள் வைத்துக்கொண்டது இந்த அளவையின் பேரில்தான். டீசல் விலை மாநிலத்துக்கு மாநிலம் வரியால் மாறுகிறது. புதுச்சேரியிலும் மாஹேயிலும் குறைவு. ஆனாலும் லிட்டருக்கு 93 ரூபாய் என்று வைத்து, கிலோமீட்டருக்கு 9.30 ரூபாய் என்று எழுதிக்கொண்டேன்.

இதோடு கிலோமீட்டருக்கு 3 ரூபாயைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்று என் கணவர் சொன்னார். ஒரு ரூபாய் டயருக்கு, மீதி இரண்டு ரூபாய் ஆயில், பிரேக், கிளட்ச், பெல்ட் ஆகியவற்றுக்கு. நாங்கள் அதை வண்டி உண்டியல் என்று அழைக்கிறோம். டயர் தேய்வது கண்ணுக்குத் தெரியாததால் அந்தச் செலவு நடக்கவில்லை என்று தோன்றுகிறது. அது ஒருநாள் மொத்தமாக வந்து நிற்கும்போதுதான் குடும்பத்தில் பேச்சு தடிக்கிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மீட்டரைப் பார்த்து, அந்த வாரம் ஓடிய தூரத்தை மூன்றால் பெருக்கி, அந்தத் தொகையை வேறொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுவேன். இப்படிப் பார்த்தால் எங்கள் வண்டியில் ஒரு கிலோமீட்டரின் விலை 12.30 ரூபாய். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடினால் 36,900 ரூபாய், 1,200 கிலோமீட்டர் என்றால் 14,760 ரூபாய். இடையிலுள்ள 22,140 ரூபாய் எங்கள் நிலையில் உள்ள ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவுக்கும் மருந்துச் செலவுக்கும் மேலானது.

ஆகவே இரண்டாம் பயணத்தில் 150 நாளுக்கு 5,250 கிலோமீட்டர்தான் ஓடினோம், மாதத்துக்கு 1,050. ராமநாதபுரம் கடற்கரை, தஞ்சாவூர், புதுச்சேரி, மார்ச் தொடக்கத்தில் ஹம்பி, வெயில் ஏறியதும் சிக்கமகளூரும் குடகும் என்று போனோம். ஓர் இடத்தில் ஏழெட்டு நாள் தங்கும்போது செலவு இயல்பாகவே அடங்கிவிடுவதை அங்கேதான் கண்டேன். இரண்டாம் நாளே சந்தை எங்கே கூடுகிறது என்று தெரிந்துவிடும். மூன்றாம் நாள் பால்காரர் வண்டிக்கே வந்துவிடுவார். வீட்டிலிருந்து கொண்டுபோன சம்பா அரிசியும், கருப்பட்டியும், வறுத்துப் பொடித்த மசாலாவும் இருந்ததால் தீயலும் அவியலும் வண்டியிலேயே நடந்தன. மாதம் 9,000 ரூபாயில் சாப்பாட்டை முடித்தோம், அதில் வாரம் ஒருமுறை வெளியே உண்டதும் அடக்கம். குடகில் மரச்சீனிக் கிழங்கு கிடைத்த அன்று இருவருக்கும் ஊரே வந்து சேர்ந்ததுபோல் இருந்தது.

இரவு தங்குவதற்கு மாதம் 6,000 ரூபாய் ஒதுக்கினேன்: ஏறக்குறைய 600 ரூபாய் வீதம் பத்து இரவு. மற்ற இரவுகளில் பெட்ரோல் பங்குகளில் அனுமதி கேட்டு நிறுத்தினோம், சில நாள் தெரிந்தவர்களின் வீட்டு முற்றத்தில் நிறுத்தினோம். கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. அதுபோல முறையாகக் கேரவன் நிறுத்தும் இடங்கள் எல்லா மாநிலங்களிலும் பெருகினால் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. பத்து இரவாவது பணம் கொடுத்துத் தங்க வேண்டியிருப்பதற்கு மின்சாரமே காரணம். என் கணவர் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும் என்பதால், குளிர்பெட்டி எங்கள் வண்டியில் ஆடம்பரப் பொருள் ஆகாது. அது ஒருநாளைக்கு ஏறத்தாழ 500 வாட் மணி மின்சாரம் எடுக்கிறது. மின்விசிறி, விளக்கு, கைபேசி எல்லாம் சேர்ந்தால் 900 வரை போகிறது. எங்கள் 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரியில் நிறைவது 1,280 வாட் மணி. வண்டி ஓடினால் எஞ்சினிலிருந்தும் சார்ஜ் ஏறும், ஆனால் நாங்கள் ஓட்டத்தைக் குறைத்துவிட்டதால் அந்த வழி சுருங்கிவிட்டது. எனவே மெதுவாகப் பயணம் செய்ய விரும்புகிறவர்கள் சூரிய மின்தகட்டில் சிக்கனம் பார்க்கக் கூடாது; நாங்கள் 300 வாட் வைத்திருக்கிறோம். குடகில் மழை மூட்டம் சூழ்ந்த நாள்களில் அதுவும் போதாமல், மின் இணைப்புள்ள இடத்துக்குப் பணம் கொடுத்துப் போய் நின்றோம்.

எரிவாயு, குடிநீர், இரண்டு வேறு நிறுவனங்களின் சிம் ஆகியவற்றுக்கு மாதம் 2,400 ரூபாய். அடையாள அட்டையைக் காட்டியே வாங்கிக்கொள்ளக்கூடிய 5 கிலோ சிலிண்டர் எங்கள் இருவருக்கும் இருபத்தைந்து நாள் வருகிறது. மருந்துக்கு 3,500, பல மருந்துகளை மக்கள் மருந்தகங்களில் வாங்கினோம். சுங்கத்துக்கும் நிறுத்தக் கட்டணத்துக்கும் 1,500. 2025 ஆகஸ்ட் 15 அன்று, அப்போது 3,000 ரூபாய்க்கு, ஓராண்டு அல்லது 200 முறை என்று தொடங்கிய பாஸ்டேக் ஆண்டுச் சலுகை சொந்தப் பயன்பாட்டுக் கார், ஜீப், வேன் ஆகியவற்றுக்கு மட்டுமானது. எங்கள் வண்டி பதிவாகியிருக்கும் வகைக்கு அது பொருந்தாது. உங்கள் பதிவுச் சான்றில் என்ன வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது வீட்டுக் கணக்கைப் பற்றி. முதல் பயணத்தின் 1,78,400 ரூபாயில் வீட்டுச் செலவு ஒரு ரூபாய்கூடச் சேரவில்லை. பூட்டிய வீடு செலவு வைக்காது என்று எண்ணியிருந்தேன். அந்த ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடு விலகி ஒரு அறை முழுவதும் நனைந்தது. விளையில், அதாவது எங்கள் தோட்டத்தில், பாதி தென்னையில் தேங்காய் வெட்ட ஆள் வரவில்லை, முற்றிய காய்கள் தாமே விழுந்து காணாமற்போயின. அந்த ஆண்டின் இழப்பை நான் எழுதி வைக்கவே இல்லை, எழுதினால் மனம் தாங்காது என்று தோன்றியது. இப்போது மாதம் 7,500 ரூபாயை வீட்டுக்கென்றே முதல் வரியில் எழுதிவிடுகிறேன். வாரம் இருமுறை வந்து வீட்டைத் திறந்து காற்றாட விடுபவருக்குக் கூலி, விளையில் களை வெட்டு, தேங்காய் வெட்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணம், வீட்டுவரியின் மாதப் பங்கு எல்லாம் அதில் அடங்கும். என் மைனி (அண்ணி) பக்கத்து ஊரில் இருப்பதால் மேற்பார்வை அவருடையது. உறவு என்பதற்காக அவருடைய பஸ் கட்டணத்தையும் பொழுதையும் இலவசமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நினைப்பதால், அதற்கும் ஒரு தொகை உண்டு.

சுருளும், அதாவது கல்யாண வீட்டில் வைக்கும் மொய்ப் பணமும், அப்படியே. நாம் ஊரில் இல்லையென்றாலும் கல்யாண வீடுகள் நிற்பதில்லை. நம் வீட்டுக் கல்யாணத்துக்குச் சுருள் வைத்தவர்களுக்கு நாம் திருப்பி வைத்தாக வேண்டும். ஐந்து மாதத்தில் பதினொரு அழைப்புகள் வந்தன. ஒன்பதுக்கு மைனி வழியாகக் கொடுத்தனுப்பினோம், நெருங்கிய உறவான இரண்டுக்கு நேரில் வந்து போனோம். வண்டியைப் பத்திரமான இடத்தில் விட்டுவிட்டு ரயிலில் நாகர்கோவில் வந்து போகும் செலவுக்கும், யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் உடனே புறப்படும் செலவுக்கும் திரும்பும் பணம் என்ற பெயரில் தனிக் கணக்கு வைத்திருக்கிறோம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதத்துக்கு நான் போட்டிருக்கும் 10,00,000 ரூபாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் வட்டி வருகிறது. அது நேராக இந்தக் கணக்குக்குப் போகிறது. மாதச் செலவில் துண்டு விழுந்தாலும் அதைத் தொடுவதில்லை.

மாத வருமானத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் செலவை மட்டும் சொன்னால் படிப்பவருக்குப் பயன் குறைவு. என் ஓய்வூதியம் 31,000, அவருடையது 14,000, அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் இருவர் பெயரிலும் கூட்டாகப் போட்ட 15,00,000 ரூபாய்க்கு 7.4 சதவீதத்தில் மாதம் 9,250. மொத்தம் 54,250. கூட்டுக் கணக்கில் போடக்கூடிய உச்ச அளவே அந்தப் பதினைந்து லட்சம்தான். ஓராண்டு முடியும் முன் அதை எடுக்க முடியாது, மூன்றாண்டுக்குள் எடுத்தால் அசலில் 2 சதவீதம் பிடிப்பார்கள். ஆகவே வண்டி வாங்கும் பணத்தை அங்கே போட்டுவிட்டுப் பிறகு திண்டாடக் கூடாது. என்னைப் போன்ற மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் கொடுக்க வேண்டிய உயிர்வாழ்ச் சான்றை இப்போது கைபேசியில் முகத்தைக் காட்டியே கொடுத்துவிடலாம். முதல் பயணத்தில் ஜோத்பூரில் இருந்தபடி கொடுத்தேன்.

இருவர் சேர்ந்து பயணம் செய்யும்போது ஒரே பணப்பை போதாது. முதல் பயணத்தில் அவர் வாங்கிய ஒரு கருவிப் பெட்டிக்கும் நான் வாங்கிய ஒரு கைத்தறிச் சேலைக்கும் நாங்கள் ஒருவருக்கொருவர் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தோம். சிறு வண்டிக்குள் அப்படி ஒரு பேச்சு எழுந்தால் ஒதுங்கிப் போக வேறு அறை இல்லை. இப்போது ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய் கேள்வி இல்லாத பணம். அது நோட்டில் தொகையாக மட்டும் எழுதப்படும், எதற்கு என்று எழுதப்படாது. இந்த 4,000 ரூபாய்தான் எங்கள் மொத்தக் கணக்கிலேயே மிகச் சரியாகச் செலவிடப்படும் பணம் என்று உண்மையாகவே நம்புகிறேன்.

அடுத்தது, இருவருக்கும் ஓட்டத் தெரிய வேண்டும். ஹூப்ளி அனுபவத்துக்குப் பிறகு, அறுபது கடந்த வயதில், மருத்துவச் சான்று கொடுத்து ஓட்டுநர் உரிமம் எடுத்தேன். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு ஐந்தாண்டுக்குத்தான் உரிமம் தருகிறார்கள் என்பதால் புதுப்பிக்கும் தேதியைக் கவனிக்க வேண்டும். பயிற்சிக்கும் உரிமத்துக்கும் ஆன செலவு, அன்று ஓட்டுநருக்குக் கொடுத்த 9,800 ரூபாய்க்கும் குறைவு. வங்கிக் கணக்குகளும் அப்படித்தான், இருவரில் எவரும் தனித்து எடுக்கும்படி இருக்க வேண்டும். கடவுச்சொற்களை அவரும் அறிவார்.

வண்டிக் காப்பீடு, இருவருக்குமான மருத்துவக் காப்பீடு, வண்டி வரி எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 54,000 ரூபாய் ஆகிறது. மாதம் 4,500 வீதம் எடுத்து வைக்கிறேன். வேனை உள்ளே மாற்றி அமைப்பவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை மறக்க வேண்டாம். அனுமதி வாங்கிப் பதிவுச் சான்றில் மாற்றத்தை ஏற்றாமல் ஓட்டினால், விபத்து நேரும்போது காப்பீட்டுத் தொகைக்கே சிக்கல் வரும். உள்ளமைப்பின் மதிப்பையும் காப்பீட்டில் எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரே வெளிமாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்ற விதி எங்களுக்குத் தேவைப்படவில்லை, ஆனால் ஆண்டு முழுவதும் சுற்ற நினைப்பவர்களுக்குத் தேவைப்படும்.

ஜூன் நடுவில் நாங்குநேரி சுங்கச்சாவடியைக் கடந்து ஊர் திரும்பும்போது ஆரல்வாய்மொழியில் காற்று வண்டியைப் பின்னுக்குத் தள்ளியது. நான்தான் ஓட்டினேன், 45 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. வீட்டு முற்றத்தில் நிறுத்தி மீட்டரைப் பார்த்தோம். 5,250 கிலோமீட்டருக்கு உண்டியலில் சேர்ந்தது 15,750 ரூபாய், வழியில் பிரேக் வேலைக்கு எடுத்தது 6,200. மீதி 9,550 ரூபாயை டயர் என்ற தலைப்பில் எழுதி வைத்தேன். முன்டயர் இரண்டையும் மாற்றிவிட்டு, அடுத்த தை மாதம் மாதத்துக்கு 900 கிலோமீட்டர் என்ற கணக்கில் கிழக்குக் கரையோரமாக ஒடிசா வரை போவதாக இருக்கிறோம்.